கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒரு குரல்

"பாட்டு முடிஞ்சிருச்சி," என்றாள் குமுதா. "பேய் வரலன்னா கெளம்பலாம் பாஸ். ரோட்டுல தண்ணி ஏறுது."

"உஸ்," என்றார் சிக்கந்தர்.

கெலுகோரில் ஒரு வரிசை வீட்டின் கூடம். பட்டப்பகல்தான், ஆனால் வெளியே கொட்டுகிற மழையில் சாயங்காலம் போல இருட்டிக்கொண்டிருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிற சிக்கந்தர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் குமுதா. எதிரே வீட்டுக்காரி குணவதி. வாசலோரம், கேஸ் கொடுத்து அவர்களைக் கூட்டிவந்த சிவநேசன். குணவதியின் புருஷன் திருநாவுக்கரசுக்கு அவர் தம்பி.

திருநாவுக்கரசு இல்லை. அவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. மாலை போட்ட படத்துக்குக் கீழே, அலமாரியில், அவருடைய பழைய சிடி ரேடியோ மட்டும் இருந்தது. அதில் எண் காட்டுகிற கண்ணாடி செத்துப் பல வருஷம். உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. பாட்டு இல்லை. பேச்சு இல்லை. டிஸ்க் நிற்கவும் இல்லை.

குமுதா வாயைத் திறந்தாள், இன்னொரு கிண்டல் சொல்ல.

"குணா..."

ரேடியோவிலிருந்துதான் வந்தது. ஆம்பிளைக் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"குணா... குணா... இங்க வா."

அவ்வளவுதான். டக்கென்று ஒரு சத்தம், டிஸ்க் நின்றுவிட்டது. குமுதாவுக்குச் சொல்ல வந்த கிண்டல் மறந்தே போனது. கை மயிர் சிலிர்த்து நின்றதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டாள். அவள் பேய்க்குப் பயந்தவள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். இந்த வீட்டில் அதெல்லாம் எடுபடவில்லை.

"கேட்டீங்கல்ல?" என்றாள் குணவதி. அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் குமுதாவுக்குப் பெரிய பயமாக இருந்தது. "அவருதான். தெனமும் கூப்பிடுறாரு."

"அக்கா, இந்த டிஸ்க்கு எத்தன நாளா இருக்கு?" சிக்கந்தர் கேட்டார்.

"அது கெடக்கு பதினஞ்சி வருஷத்துக்கு மேல. அவரே கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தது. மேல எழுதியிருக்கறது அவரு கையெழுத்து. பன்னெண்டு பாட்டு. எனக்குப் புடிச்ச பாட்டா பொறுக்கி எடுத்து வச்சாரு. சமைக்கறப்ப, வீடு கூட்டறப்ப, எப்பவும் இதுதான் ஓடும். ஒரு நாளும் இந்தக் கொரலு அதுல இருந்ததில்ல."

"எப்பலேர்ந்து கேக்குது?"

"சாவு வீட்டுல பாட்டு போட மாட்டோம்ல. கருமாதி முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்ச மறுநாள் போட்டேன். பாட்டெல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டாரு." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அவரு நாற்காலியிலேயே போனாரு, தம்பி. அடுத்த வாரம் நெஞ்சுல ஆப்பரேசன்னு தேதி குடுத்திருந்தாங்க. நான் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்துல என்னெத்தான் கூப்பிட்டிருப்பாரு. நான் வரல. அதான் இன்னும் கூப்பிடுறாரு."

சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொரலு மட்டும் இல்ல," என்றாள் குணவதி. "பாட்டுக்கு நடுவுல வர்ற அமைதி கூட மாறிப்போச்சி. முன்னெல்லாம் ஒரு பாட்டு முடிஞ்சா, ஓம் சரவணபவன்னு ஒரு வாட்டி சொல்லுவேன், அடுத்த பாட்டு வந்துரும். அவரு போன பின்னாடி ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியிருக்கு. அமைதி நீண்டு போச்சி. அவரு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காருன்னு தோணுது."

குணவதி எழுந்து கோப்பி கலக்கப் போனாள்.

அவள் உள்ளே போனதும் சிவநேசன் குரலைத் தாழ்த்தினார். "பாய், புரியுதா ஒங்களுக்கு? பட்டுச் சேலையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டாங்க. நகைய என் மவளுக்குப் போட்டுட்டாங்க. நேத்து என்னெக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த வீட்டுல வெளக்கேத்த ஆள் பாத்துக்க சிவான்னு சொல்றாங்க. நாளன்னைக்கி வெள்ளிக்கிழம. அழுதாக் கூட பயம் இல்ல. சிரிச்ச மொகமா இருக்காங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னா வர மாட்டேங்கறாங்க. இந்தக் கொரலு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சி அவங்களுக்குக் காட்டுனாத்தான் என் அண்ணி தங்குவாங்க."

* * *

காலையிலிருந்து நின்றபாடில்லாத மழை வாசல் தகரத்தில் அடித்தது. சிக்கந்தரும் குமுதாவும் காரின் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

"பாஸ், கேஸ் முடிஞ்சிருச்சி," என்றாள் குமுதா.

"அப்படியா? யாரு?"

"நம்மளக் கூட்டிட்டு வந்தவருதான். வீடு வித்துக் குடுக்கற ஏஜண்ட். அண்ணிய வீட்ட வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போகச் சொல்லி ரெண்டு தடவ கேட்டாராம், அவங்க மாட்டேன்னுட்டாங்களாம். புள்ள குட்டி இல்ல. அண்ணி போனா வீடு யாருக்கு? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு கொரல வேணும்னாலும் செஞ்சிரலாம். செத்தவர் கொரலு செஞ்சி, டிஸ்க்கப் போட்டு, பொம்பளையப் பைத்தியமாக்கறது. அப்புறம் நல்லவர் மாதிரி நம்மகிட்ட வந்து அழறது."

"கொரலு செய்யலாம். ஏற்கனவே இருக்கற டிஸ்க்குல அத எப்படிப் போடுவாங்க?"

குமுதா ஒரு நிமிஷம் யோசித்தாள். இந்த விஷயத்தில் அவளிடம் வாலாட்ட முடியாது. பாகான் டாலாமில் அவள் அண்ணன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிடி கடை போட்டிருந்த காலத்தில், இரவும் பகலும் உட்கார்ந்து டிஸ்க் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அந்தக் கடைக்கு லைசென்ஸ் இருந்ததா என்று நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

"போட முடியாது பாஸ்," என்று ஒத்துக்கொண்டாள். "நாமளா எழுதற சிடி ஒருவாட்டி எழுதி மூடினா மூடினதுதான். அழிக்கவும் முடியாது, நடுவுல ஒன்ன சொருகவும் முடியாது. பதினஞ்சி வருஷமா பன்னெண்டு பாட்டு இருந்தா, பன்னெண்டுதான் இருக்கும்."

"அப்ப?"

"அப்ப..." குமுதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அமைதி! அவங்கதான் சொன்னாங்களே. அமைதி நீண்டு போச்சின்னு!"

"கொஞ்சம் எனக்கும் புரியற மாதிரி."

"ஆடியோ சிடிக்குன்னு ஒரு சட்டம் இருக்கு பாஸ். உலகத்துல எந்த ரேடியோவுல போட்டாலும் பாடணும்ல, அதுக்காகக் கம்பெனிக்காரங்க சேந்து எழுதி வச்சது. சிவப்புப் புத்தகம்னு பேரு. சத்தத்த எப்படி அளக்கணும், எத்தன நிமிஷம் புடிக்கும், பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எங்க எழுதணும்..."

"சுருக்கமா, குமுதா. மழை விட்டுரப் போவுது."

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு பாட்டா பர்ன் பண்ணா, பாட்டுக்கு முன்னால அது ரெண்டு செகண்ட் சும்மா விட்டுட்டுத்தான் எழுதும். இவங்க ஓம் சரவணபவ சொன்னது அந்த ரெண்டு செகண்ட்லதான். இப்ப யாராவது அந்த டிஸ்க்கக் காப்பி எடுத்தா, பல நேரத்துல அந்த அமைதியும் பாட்டு வாலுல ஒட்டிக்கிட்டு கம்ப்யூட்டருக்குள்ள வந்துரும். அது தெரியாம மறுபடி பர்ன் பண்ணா, அதுக்கு மேல இன்னொரு ரெண்டு செகண்ட் விழும். என் அண்ணன் எடுத்த காப்பியிலயெல்லாம் இதே கோளாறு. நான்தான் கண்டுபிடிச்சித் திருத்துவேன்."

சிக்கந்தர் தாடியைத் தடவினார். "ஆக, அமைதி நீளல. ரெட்டிப்பாயிருக்கு. உள்ள ஓடறது பழைய டிஸ்க்கு இல்ல. காப்பி."

"அதே எடத்துல, அதே டப்பாவுல, யாரோ மாத்தி வச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்லிட்டேன்."

"கையெழுத்து செத்தவரோடதுன்னு அக்கா சொல்றாங்களே."

"கொரல செய்றவனுக்குக் கையெழுத்து பெரிய விஷயமா பாஸ்?"

சிக்கந்தர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். அவர் இப்படிப் பேசாமல் போனால் ஒன்று அவளுடைய பேச்சு சரி, இல்லை மகா தப்பு. எது என்று இன்றுவரை குமுதாவுக்குப் பிடிபட்டதில்லை.

* * *

குணவதி டிஸ்க்கை வீட்டை விட்டு வெளியே அனுப்ப மறுத்துவிட்டாள். தொட்டுப் பார்க்க மட்டும் விட்டாள். குமுதா அதை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள்.

மேல்பக்கம் மை பேனாவால் 'குணாவுக்குப் பிடிச்சது' என்று எழுதியிருந்தது. குமுதா அதைப் பார்க்கவில்லை. அடிப்பக்கத்தைத்தான் பார்த்தாள். எழுதின இடம் நிறம் கருத்துக் காட்டும், எழுதாத இடம் வெளுப்பாக இருக்கும். அது எந்த டிஸ்க்கிலும் வெறுங்கண்ணுக்கே தெரிகிற விஷயம். இதில் உள்வட்டத்திலிருந்து ஒரு கருத்த வளையம். அது முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே மறுபடியும் ஒரு கருத்த வளையம்.

"பாஸ்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"ரெண்டு தடவ எழுதியிருக்காங்க. மொத தடவ எழுதிட்டு, டிஸ்க்க முழுசா மூடாம விட்டு, அப்புறம் வந்து இன்னொரு தடவ எழுதியிருக்காங்க. இந்த மாதிரி ரேடியோவுக்கு மொத தடவ எழுதின கட்டு மட்டும்தான் தெரியும். அதோட டிஸ்க்கே முடிஞ்சிதுன்னு நெனச்சி நின்னுரும். அந்தக் கொரலுக்கு அப்புறமும் இதுல என்னமோ இருக்கு. யாரும் இதுவரைக்கும் கேக்கல."

குணவதி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"இன்னும் கூப்பிடுறாரா?" என்றாள் குணவதி.

கேட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். சிக்கந்தரின் லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லை. இந்தக் காலத்தில் எதில்தான் இருக்கிறது? "அக்கா வீட்டுக்காரர் அறைல கம்ப்யூட்டர் இருக்குமே," என்று குமுதா பின்னறைக்கு ஓடினாள். மேசை இருந்தது. மேசைமேல் தூசி. தூசிக்கு நடுவே சதுரமாக ஒரு சுத்தமான இடம். பின்னால் வயர்கள் தொங்கின. கம்ப்யூட்டரைக் காணோம்.

குமுதா மெதுவாகத் திரும்பினாள். வாசல்படியில் சிவநேசன் நின்றிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எங்க அண்ணே அது?"

"அது... பழசு. வேல செய்யாது."

"எங்கன்னு கேட்டேன்."

சிவநேசன் சிக்கந்தரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். "என் கெரேத்தாவுல," என்றார். "பூத்ல."

குமுதா பாஸைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அப்படியே சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம்.

* * *

சிவநேசனுடைய காரின் பின்பக்கத்தைத் திறந்தார்கள். ஒரு பழைய பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் போர்வை சுற்றிக் கிடந்தன.

"ஆதாரத்தப் போர்வை போத்தித் தூங்க வச்சிருக்காரு," என்றாள் குமுதா. "எங்க வீசறதா இருந்தீங்க அண்ணே? பாலத்துலேர்ந்தா?"

"வீசச் சொன்னாங்க! அண்ணிதான் சொன்னாங்க!" சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே இந்த வீட்டுல இதுக்கு யாரும் இல்ல, கொண்டுபோய் வீசிரு சிவான்னாங்க. எனக்கு மனசு வரல. எங்கண்ணன் ராத்திரி பகலா ஒக்காந்திருந்த பொருளாச்சே இது. ஒரு வாரமா சுத்திக்கிட்டிருக்கேன். அத இன்னும் வீசலன்னு அண்ணிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு சொல்லல. வீடு விக்கச் சொன்னதும் அவங்க தனியா இருக்கக் கூடாதுன்னுதான். வேற என்னா?"

குமுதா நம்பவில்லை. ஆனால் அந்த மனிதர் மழையில் நனைந்துகொண்டு, பெட்டி நனையாமல் போர்வையை இழுத்து மூடியதையும் அவள் பார்த்தாள். சந்தேகம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து வயர்களை மாட்டினார்கள். பெட்டியின் முகத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று படிப்பதற்கு, ஒன்று எழுதுவதற்கு. அந்தக் காலத்தில் காப்பி எடுக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். மின்சாரம் போட்டதும் பெட்டி முனகியது, விசிறி சுற்றியது. குமுதா டிஸ்க் போடுவதற்காக மேல்தட்டின் பொத்தானை அழுத்தினாள்.

தட்டு வெளியே வந்தது. அதில் ஏற்கனவே ஒரு டிஸ்க் இருந்தது.

'குணாவுக்குப் பிடிச்சது.' அதே கையெழுத்து. ஆனால் மை மங்கிப்போய், அடிப்பக்கம் முழுக்கக் கீறல் விழுந்து, விளிம்பு வெளுத்துப்போன பழைய டிஸ்க்.

குமுதா அதை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தாள்.

"குமுதா," என்றார் சிக்கந்தர், "இது யாரு எழுதினதுன்னு இப்ப சொல்லு."

குமுதா இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அவருதான் பாஸ். பழசு கீறல் விழுந்து போச்சின்னு அவரே புதுசா காப்பி எடுத்திருக்காரு. எடுத்து, அதே பேர எழுதி, அதே டப்பாவுல வச்சிருக்காரு." சிவநேசன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மன்னிச்சிருங்க. என் வாய்க்குப் பூட்டு இல்ல."

அவர் பரவாயில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார்.

சிக்கந்தர் குணவதியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஒன்னு யோசிச்சிப் பாருங்க. டிஸ்க்கு தானா எழுதிக்காது. 'குணா, இங்க வா'ன்னு கூப்பிட்ட மனுசன், அதுக்கப்புறம் பாட்டையெல்லாம் அடுக்கியிருக்காரு. பொத்தான அழுத்தியிருக்காரு. எழுதி முடியற வரைக்கும் ஒக்காந்திருக்காரு. பேனா எடுத்துப் பேரு எழுதியிருக்காரு. எழுந்து வந்து அலமாரியில வச்சிருக்காரு. இது அவரு கடைசியா கூப்பிட்ட கொரல் இல்ல. அந்த நாளுக்கு முன்ன, நல்லா இருந்தப்ப கூப்பிட்டது."

குணவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்ப எதுக்குக் கூப்பிட்டாரு? கூப்பிட்டப்ப நான் வரலல்ல? அதுல என் சத்தமே இல்லையே தம்பி."

குமுதா புதிய டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினாள்.

திரையில் முதல் கட்டு வந்தது. பன்னிரண்டு பாட்டு. பதின்மூன்றாவதாக அந்தக் குரல். அதன் கீழே, தனியாக, இன்னொரு கட்டு. அதில் ஒரே ஒரு பதிவு. குமுதாவின் விரல் அதன் மேல் நின்றது. இதில் அந்த மனிதர் வலியில் முனகினால் என்ன செய்வது? கேட்டே தீரவேண்டுமா? பாஸ் தலையசைத்தார். அழுத்தினாள்.

முதலில் இரைச்சல். எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம், தூரத்தில்.

"குணா... குணா, இங்க வா!"

"தோ வரேங்க!"

குணவதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் குரல். பதிவுக்குள் அவள் செருப்பு சரசரவென்று வந்தது.

"என்னா? அடுப்புல மீன் இருக்கு. மொதல்லயும் கூப்பிட்டீங்களா? பொரியற சத்தத்துல ஒன்னும் கேக்கல."

"இந்த ரெண்டாவது பாட்ட ஒருவாட்டி பாடிக் காட்டு."

"ஆமா, இந்த வயசுல எனக்குப் பாட்டு ஒன்னுதான் கொறச்சல். ஒங்களுக்கு வேல இல்ல?"

"பாடேன்லா. நாலு வரி."

ஒரு சிரிப்பு. பிறகு, சமையல் கையைத் துடைத்துக்கொண்டே பாடுகிற பெண்ணின் குரல், சுருதி கொஞ்சம் விலகி, ஆனால் இனிமையாக. நாலு வரி இல்லை, முழுப் பாட்டையும் பாடினாள். நடுவில் அவர் மெதுவாகத் தாளம் போட்டார். முடிந்ததும், "ஐயோ, மீன்!" என்று செருப்புச் சத்தம் ஓடிப்போனது.

பதிவு முடியவில்லை. யாரோ மைக்குக்கு வெகு அருகில் வந்தது தெரிந்தது. இப்போது அந்தக் குரல் கிசுகிசுத்தது.

"பதிவாயிருச்சி. மொதல்ல கூப்பிட்டது மட்டும் தவறிப் பாட்டோட ஏறிருச்சி, இத அதுக்கு அடுத்து சேத்துரணும். ஆப்பரேசன் முடிஞ்சி மயக்கம் தெளியறப்ப, காதுல இத மாட்டிவிடச் சொல்லி நர்ஸுகிட்ட சொல்லணும். இவ கொரலு கேட்டா நான் எந்திரிச்சிருவேன்."

டக். நின்றது.

சிவநேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குமுதாவுக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை, வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், யார் பார்த்தால் என்ன.

குணவதி அழுதாள். இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு, தோள் குலுங்க, சிறுபிள்ளை மாதிரி அழுதாள். சிவநேசன் பதறித் திரும்பினார். சிக்கந்தர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்னெ அங்க கூப்பிடல சிவா," என்றாள் அழுகைக்கு நடுவே. "அவரு இங்க திரும்பி வரணும்னு கூப்பிட்டாரு. நானும் வந்திருக்கேன். என் சத்தம் இருக்கு. கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

"பைத்தியக்கார மனுசன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லாவே பாடியிருப்பேன்."

மழை குறைந்திருந்தது. குணவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு குமுதாவிடம் நகர்ந்து வந்தாள்.

"தங்கச்சி, இது ரெண்டு கட்டா இருக்கறதாலதான் என் ரேடியோவுல கேக்கல. ஒரே கட்டா எழுதித் தர முடியுமா?"

"முடியும்க்கா. இப்பவே செய்யலாம். புது டிஸ்க்கு ஒன்னு வாங்கிட்டு வந்தா போதும். சிவா அண்ணன் கெரேத்தாவுல போயிட்டு வந்துருவேன்."

குணவதி பழைய டிஸ்க்கின் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒன்னு போதாது," என்றாள். "ரெண்டு மூணா எடுத்து வை. இதுங்கல்லாம் சீக்கிரம் கெட்டுப்போவுது. நான் இத ரொம்ப வருஷம் கேக்கணும்."